ஏற்றத்தில் இழுக்காத பழைய டீசல் ஜீப்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

குமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் முன்பெல்லாம் மூன்றாம் கியரிலேயே ஏறிய ஜீப், இப்போது இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது என்றால், பெரும்பாலோர் உடனே, டீசலை அளந்து அழுத்தத்துடன் எஞ்சினுக்கு அனுப்பும் டீசல் பம்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். எஞ்சினில் அதிகச் செலவு வைக்கும் பாகங்களில் ஒன்று அது. ஆனால் இழுவைக் குறைவுக்கு முதல் காரணமாக அது இருப்பது அரிது. ரப்பர் ஷீட்டும் உரமும் ஏற்றிப் பல ஆண்டுகள் ஓடிய, கேபிளால் இயங்கும் பம்பு உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கே இங்கே சொல்லப்படுவது பொருந்தும். எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலைத் தேக்கி அனுப்பும் புதிய வகையான காமன் ரெயில் வண்டிகளின் அழுத்தம் மிகப் பெரியது என்பதால், பின்னால் சொல்லப்படும் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) சோதனையை அவற்றில் ஒருபோதும் செய்யக் கூடாது.

எஞ்சின்தான் குற்றவாளியா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலை நோக்கி வரும்போது எதிர்க்காற்றே வண்டியைப் பிடித்து நிறுத்தும். அந்தச் சாலையை வைத்து எஞ்சினை எடைபோடுவது நியாயமாகாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றத்தைத் தேர்ந்துகொண்டு, எப்போதும் அதே சுமையுடனும் அதே கியரிலும் ஏறிப் பார்ப்பதே ஒப்பிட உதவும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், பிரேக் பிடித்திருக்கும் சக்கரத்தில் மட்டும் அது சீறி ஆவியாகும். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடிக்கொண்டே போக வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டியவர்கள், கியரின் இழுவையில் ஒரு பங்கைத் தாங்களே குறைத்துக்கொண்டதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காத, ஆனால் பலரும் செய்யாத ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்க, மற்றொருவர் பானெட்டைத் திறந்து, பம்பின் மேலுள்ள நெம்புகோல் கடைசித் தடுப்பைப் போய்த் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் நீண்டிருந்தாலும், மிதியடி பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தாலும், பம்புக்கு முக்கால் பங்கு கட்டளைதான் போகும். எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிளும் அப்படித்தான்: குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்து அது முழுமையாகத் திரும்பாமல் நின்றுவிட்டால், ஓடும் நேரமெல்லாம் டீசலின் அளவைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

இவை சரியாக இருந்தால் புகையைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒருவர் ஏற்றத்தில் ஓட்ட, இன்னொருவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து பார்ப்பது நல்லது. கறுப்புப் புகை வந்தால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது நாசில் தூவாமல் ஒழுக்குகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. டைமிங் (டீசல் தூவப்படும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறைந்திருக்கலாம். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சின் போதிய டீசல் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறது. நம் மாவட்டத்தின் பழைய ஜீப்புகளில் நான் அதிகம் கண்டது இதைத்தான்.

பட்டினிக்கான காரணத்தை டேங்கிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். என் ஜீப் ஒருமுறை புறப்பட்ட பத்து கிலோமீட்டர் வரை நன்றாக இழுத்து, பிறகு சோர்ந்து, ஓரம் கட்டிச் சற்று நிறுத்தினால் மீண்டும் உயிர்பெற்றது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பம்பை இறக்கி முழுதாகப் பழுதுபார்த்தார்கள்; பணம் போனதே தவிர நோய் போகவில்லை. டேங்க் மூடியில் காற்று நுழையும் சிறு துளை செம்மண்ணால் அடைபட்டிருந்ததுதான் காரணம். டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்க முடியாமல் நின்றிருக்கிறது. வண்டி சோரும் அந்தக் கணத்தில் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் காற்று உள்ளே பாயும் ஓசையே விடை சொல்லியிருக்கும். டேங்கின் அடியில் மிதக்கும் குப்பை உறிஞ்சு குழாயின் வாயை அடைத்து, எஞ்சின் நின்றதும் விலகுவதும் இதே அறிகுறியைத் தரும்.

பிறகு டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சிறிது டீசலைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நமக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். பாதி டேங்குடன் பல நாள் நிற்கும் வண்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி டீசலுக்கு அடியில் தங்கிவிடும். பாட்டிலின் அடியில் நீர் தனியாகப் பிரிந்து நின்றாலோ, துருத் துகளோ கறுத்த வழுவழுப்பான கசடோ தெரிந்தாலோ, ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாது. டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டும்.

டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உள்ள குழாயில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் ஓடுவதைப் பார்க்கலாம். வெடித்த ரப்பர் ஹோஸ், துருப்பிடித்த இரும்புக் குழாய், மறுபடி மறுபடி முறுக்கப்பட்ட காப்பர் வாஷர் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். சரிசெய்தபின் ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடித்து, அது வழிந்துகொண்டிருக்கும்போதே முறுக்கி ஏர் எடுக்க வேண்டும்.

கறுப்புப் புகை தள்ளும் வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் முதல் இடம். ஆயில் நிரப்பும் பழைய வகையில் ஆயில் சேறாகியிருந்தால் மாற்றலாம். ஆனால் குறியிட்ட கோட்டுக்கு மேல் ஒருபோதும் ஊற்றக் கூடாது, ஏனெனில் மிகுந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால் அது கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து ஓடும்.

ஃபில்டர் நன்றாக இருந்தும் எஞ்சின் ஓட்டம் சீராக இல்லையென்றால், மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் வரும் உயரழுத்தக் குழாயின் நட்டைத் துணி சுற்றிய நிலையில் சற்றே தளர்த்தி, உடனே முறுக்க வேண்டும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், வலி இல்லாவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்தச் சிலிண்டரின் நாசிலை வேறொன்றில் மாற்றிப் பொருத்தும்போது கோளாறும் கூடவே இடம்மாறினால் பழுது நாசிலில் உள்ளது. மாறாவிட்டால் டாப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளியைச் சரிபார்த்துவிட்டுக் கம்ப்ரஷனை அளக்க வேண்டியதுதான்.

கம்ப்ரஷனுக்கு டீசலுக்கான மானிதான் வேண்டும். நல்ல நிலையில் உள்ள பழைய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 350 முதல் 450 பிஎஸ்ஐ வரை காட்டும். பெட்ரோல் எஞ்சினின் மானி அதற்குத் தாங்காது. எண்ணைவிட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுவது பிஸ்டன் ரிங் தேய்ந்ததன் அடையாளம்.

இத்தனைக்குப் பிறகும் பம்புதான் என்று தெரிந்தால் மட்டும், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சோதனை மேசை உள்ள டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாம். டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகைச் சற்றுத் திருகிவிட்டால் இழுவை உடனே கூடியதுபோலத் தெரியும்; கறுப்புப் புகையும் எஞ்சின் சூடும் சில வாரங்களில் பின்னால் வரும். ஆகவே பம்பைக் கொடுக்கும்போது அந்தத் திருகின் சீலை (முத்திரையை) புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது மாறியிருந்தால், மேசையில் எந்த அளவுக்கு வைத்தார்கள் என்று எழுதி வாங்க வேண்டும்.