ஈரக் கைக்கும் ஒழுங்காக வேலை செய்யும் ஆப்: ஆண்ட்ராய்டில் தொடுதலைக் கையாளுவது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடைபோட்டு பில் போடும் கடைகளுக்கு ஆண்ட்ராய்டு ஆப் எழுதித் தருகிறேன். அங்கே யார் கையும் காய்ந்திருக்காது. ஒரு கையில் மல்லிப் பை, இன்னொரு கையின் கட்டைவிரலுக்குக் கீழே போன். அந்தக் கட்டைவிரலுக்கு ஆப் கட்டுப்பட வேண்டும்.

முதலில் டெஸ்ட் செய்யும் போனைத் தயார் பண்ணுங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மேல் 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' போட்டால் விரல் போகும் பாதை திரையிலேயே வரையப்படும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சில போன்களில் விரல் படாத இடத்திலும் புள்ளி விழும். இதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுத உட்காருவது நல்லது.

விரல் பட்டதும் டவுன், நகர நகர மூவ், எடுத்ததும் அப். இதுதான் வரிசை. தொடுதல் வந்து சேரும் ஆன்டச்ஈவென்ட் ஃபங்ஷனில் டவுனுக்கு 'ட்ரூ' திருப்பினால்தான் மீதி வரும். 'ஃபால்ஸ்' என்றால், அந்த விரல் எடுபடும்வரை உங்கள் வியூவுக்கு (பட்டன் போன்ற திரை உறுப்புக்கு) எதுவும் வராது. மூவ் ஏன் வரவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது கேன்சல் பற்றி, அதாவது தொடுதல் பாதியில் பறிபோனது என்று வரும் செய்தி பற்றி. எடை கூட்டும் பிளஸ் பட்டனை எடுத்துக்கொள்வோம். அழுத்திப் பிடித்தால் 50 கிராம், 50 கிராமாக ஏற வேண்டும். டவுனில் ஹேண்ட்லரை (இடைவெளி விட்டு வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதை) ஓடவிட்டு அப்பில் நிறுத்துவது வழக்கமான கோட். ஈர விரல் வழுக்கிக் கொஞ்சம் மேலே போகிறது. பட்டன் இருப்பதோ ரீசைக்ளர்வியூ என்ற ஸ்க்ரோல் பட்டியலின் ஒரு வரிசையில். அது ஸ்க்ரோல் என்று முடிவு செய்து, ஆன்இன்டர்செப்ட்டச்ஈவென்டில் தொடுதலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பட்டனுக்கு அப் வராது, கேன்சல்தான் வரும். அதைக் கவனிக்காத கோட், விரலை எடுத்த பிறகும் எடையை ஏற்றிக்கொண்டே இருக்கும். கால் கிலோ மல்லி மூணு கிலோ ஆகும். முகூர்த்த நாளில் அது எவ்வளவு பணம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அப், கேன்சல் இரண்டிலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். பில்லைச் சேமிப்பது போன்ற வேலையை அப்பில் மட்டும் செய்யுங்கள். வரிசை திரையை விட்டுப் போகும்போதும், ஆன்டிடாச்ட்ஃப்ரம்விண்டோவில், ஹேண்ட்லரைத் துடைத்துவிடுங்கள். அழுத்திப் பிடிப்பது உறுதியானதும் பேரன்ட்டிடம் (பட்டனைத் தாங்கும் மேல் வியூவிடம்) ரெக்வெஸ்ட்டிஸ்அலோஇன்டர்செப்ட்டச்ஈவென்ட் சொன்னால் பட்டியல் குறுக்கே வராது. டவுனிலேயே அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அப்புறம் பட்டன் மேல் விரல் வைத்து யாராலும் ஸ்க்ரோல் செய்ய முடியாது.

எவ்வளவு நகர்ந்தால் நகர்வு, எவ்வளவு நேரம் பிடித்தால் லாங் பிரஸ் என்பதற்கு எண்ணை நீங்களாக எழுதாதீர்கள். இந்த அளவுகளைச் சொல்லும் ஆண்ட்ராய்டின் வியூகான்ஃபிகரேஷனிடம் கேளுங்கள். விரல் நிதானமாக நகரும் பெரியவர்கள், அக்சஸிபிலிட்டியில் லாங் பிரஸ் நேரத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். அவர்கள் வைத்த நேரத்தை மதிக்க வேண்டும்.

தண்ணீர்ச் சொட்டு இரண்டாவது விரலாகப் பதியும்போது பாயின்டர்டவுன் (இன்னொரு விரல் பட்டது என்ற செய்தி) வரும். டவுனில் வந்த பாயின்டர் ஐடியை (அந்த விரலின் அடையாள எண்ணை) குறித்து வைத்து, அதை மட்டும் பின்தொடருங்கள். இன்டெக்ஸை (விரல்களின் வரிசை எண்ணை) நம்ப வேண்டாம். ஒரு விரல் எடுபட்டால் அது மாறிவிடும், ஐடி மாறாது.

பிரின்ட் பட்டனில் இன்னொரு விஷயம். ப்ளூடூத் பிரின்டர் அணைந்திருந்தால் கனெக்‌ஷன் காத்துக்கொண்டு நிற்கும். அந்த வேலை, திரையையும் தொடுதலையும் கவனிக்கும் மெயின் த்ரெட்டில் இருந்தால் அடுத்த தொடுதலுக்குப் பதில் கிடைக்காது. 5 செகண்ட் தாண்டினால் 'ஆப் பதிலளிக்கவில்லை' என்று வந்து நிற்கும். கூட்ட நேரத்தில் யாரும் பொறுமையாக 'காத்திரு' அழுத்த மாட்டார்கள், ஆப்பை மூடிவிடுவார்கள். கனெக்‌ஷனை வேறு த்ரெட்டுக்கு அனுப்புங்கள். முதல் தட்டலிலேயே பட்டனை முடக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே பில் இரண்டு தடவை வரும்.

பட்டன் அளவு 48 டிபிக்கு (டிபி என்பது ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) குறையவே கூடாது. நீங்களே தொடுதலைக் கையாளும் வியூ என்றால் அப்பில் பெர்ஃபார்ம்கிளிக்கைக் கூப்பிட்டு, கிளிக் வேலையை அதற்குள் வையுங்கள். திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்திருப்பவர்கள் தட்டும்போதும் அதே வேலை நடக்கும்.