கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம்: முதலில் மேல் போல்ட்டைக் கழற்றுங்கள்

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயில் மாற்றுவது எஞ்சின் ஆயில் மாற்றுவதைவிட எளிது. பெரும்பாலான கார்களில் மாற்ற வேண்டிய ஃபில்டர் கிடையாது. இரண்டு போல்ட்தான்: கீழே ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட், பக்கவாட்டில் சற்று மேலே ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட். வேலை கெடுவது பெரும்பாலும் தவறான ஆயிலால், இல்லையென்றால் திறக்க மறுக்கும் ஃபில்லர் போல்ட்டால். இரண்டையும் ஒரு சொட்டு ஆயில் வடிவதற்கு முன்பே சரிபார்த்துவிடலாம்.

ஆயிலில் தொடங்குவோம். காரின் கையேட்டில் ஆயிலின் அடர்த்தியைக் குறிக்கும் 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 போன்ற எண்ணும், ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்ற தரமும் இருக்கும். 'ஜிஎல்-5 உயர்ந்தது, அதையே ஊற்றலாம்' என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். கியர் மாறும்போது பற்களின் வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் பல கியர்பாக்ஸ்களில் பித்தளையால் ஆனவை. ஜிஎல்-5 ஆயிலில் அழுத்தம் தாங்குவதற்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். சூட்டில் அவை பித்தளையை அரிக்கக்கூடும். சிங்க்ரோ பிடிக்கத் தேவையான உராய்வும் மாறிவிடுவதால் கியர் 'கரக்' என்று விழும். சில மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில், ஊற்ற வேண்டும். ஹோண்டா தனக்கென்று எம்டிஎஃப் என்ற மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலை வைத்திருக்கிறது. கையேடு சொல்வதே முடிவு. சிறிய முன்சக்கர இயக்கக் கார்களுக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். 3 லிட்டர் வாங்கி வையுங்கள். இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷர், போல்ட் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சாக்கெட், 1 மீட்டர் பிளாஸ்டிக் ஹோஸ், புனல், ஆயில் பிடிக்கத் தட்டு ஆகியவையும் வேண்டும்.

காரை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். வெதுவெதுப்பான ஆயில் முழுதாக வடியும், அடியில் தங்கிய துகளையும் கொண்டுவரும். சைலன்சர் குழாய் சுடும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். முடிந்தால் நான்கு மூலையிலும் ஸ்டாண்டு வைத்துக் காரை மட்டமாக நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் ஆயில் மட்டம் பொய் சொல்லும்.

இப்போது ஃபில்லர் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். ஆயிலை வடித்த பிறகு இது திறக்கவில்லையென்றால் கார் அங்கேயே நின்றுவிடும், பட்டறைக்குக்கூட ஓட்டிப்போக முடியாது. இறுகியிருந்தால் துருநீக்கி ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். போல்ட் தலையை மழுக்கிவிடும் ஸ்பேனரால் மல்லுக்கட்ட வேண்டாம். திறந்தால்தான் அடுத்த வேலை. திறக்கவில்லையென்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி 15 நிமிடமாவது வடிய விடுங்கள். அந்த நேரத்தில் போல்ட்டைப் பாருங்கள். பல கார்களில் அதன் நுனியில் காந்தம் இருக்கும். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிடலாம். சில்லுகளோ பல் துண்டோ இருந்தால் ஆயில் மாற்றுவதால் தீராது; கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆயிலில் பொன்னிறத் தூள் நிறைய மின்னினால் சிங்க்ரோ தேய்கிறது. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னை வெள்ளம் போன்ற சமயத்தில் கியர்பாக்ஸ் மூழ்கிய கார்களில், மேலே உள்ள காற்றுப் போக்கி வழியாகத் தண்ணீர் ஏறும். அத்தகைய காரில் கிலோமீட்டர் கணக்கே பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும்.

புது வாஷரோடு டிரெய்ன் போல்ட்டைக் கையால் திருகி, பிறகே ஸ்பேனரால் இறுக்குங்கள். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். பெரும்பாலும் 25 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள்தான் கையேடு கேட்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் பயன்படுத்துங்கள்.

ஹோஸின் ஒரு முனையை ஃபில்லர் துளைக்குள் விட்டு, மறுமுனையைப் பானெட் வழியாக மேலே கொண்டுவந்து புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். பம்ப் தேவையில்லை. துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வந்து சொட்டினால் மட்டம் சரி என்பதே பெரும்பாலான கார்களின் கணக்கு. சிலவற்றில் அளவு மட்டுமே சொல்லியிருப்பார்கள்; அவற்றில் அளந்தே ஊற்ற வேண்டும். குறைந்தால் மேல் தண்டின் பேரிங்கும் ஓரத்தில் இருக்கும் ஐந்தாம் கியரும் காய்ந்துபோகும். கூடினால் நுரைத்து, ஆயில் சீல் வழியாகக் கசியும், கிளட்ச் பக்கமும் போகலாம்.

ஃபில்லர் போல்ட்டையும் புது வாஷரோடு இறுக்கி, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை காருக்கு அடியில் ஒரு அட்டையை வைத்துக் கசிவு உண்டா என்று கவனியுங்கள். பழைய ஆயிலைக் காலி கேனில் மூடி, பழைய எஞ்சின் ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. ஓடோமீட்டர் எண்ணையும் ஆயிலின் தரத்தையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்துவையுங்கள்.