பாப்பாவுக்கு காய்ச்சல், லேப்டாப்ல மீட்டிங், தொழுவுல மாடு கத்துது: ஒரு நாளை ஓட்டுறது எப்படி

வீட்ல இருந்தே ஐடி வேலை பாத்துக்கிட்டு கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழின்னு வச்சிருக்கவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. நமக்கு அலங்காநல்லூர் பக்கம். வீட்டுக்காரம்மா டீச்சர், நெனச்ச நேரத்துக்கு லீவு கெடைக்காது, அதனால பாப்பாவுக்கு முடியலன்னா பகல் பூரா நான்தான். பால் கறக்கத் தெரியும், தீவனம் கலக்கத் தெரியும்னு வச்சுக்கிட்டே எழுதுறேன், அதெல்லாம் இங்க சொல்லித்தரல.

ஸ்டெப் 1: வீட்ல வச்சுப் பாக்குற காய்ச்சலா?

மூணு மாசத்துக்குள்ள உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே யோசிக்காம டாக்டர்ட்ட போயிருங்க. பெரிய குழந்தைன்னாலும் மூச்சு வாங்குது, விலா உள்ள இழுக்குது, பால் குடிக்க மாட்டேங்குது, வலிப்பு, ஒன்னுக்கு போகாம ரொம்ப நேரமாச்சு, துவண்டு கெடக்குன்னா 108 கூப்பிடுங்க, இல்ல வண்டி இருந்தா பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ விடுங்க. ஆபீஸ்க்கு மெசேஜ் வண்டில உக்காந்து போட்டுக்கலாம். நெத்தில காட்டுற துப்பாக்கி தெர்மாமீட்டர் நம்ம ஊர் வெயிலுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்னு காட்டுது, எனக்குப் பிடிக்கல. அக்குள்ல வைக்கிற சாதா டிஜிட்டலே போதும்.

ஸ்டெப் 2: மருந்து

பாராசிட்டமால் டிராப்ஸ் வேற, சிரப் வேற. டிராப்ஸ்ல பொதுவா 1 மில்லிலயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்புல 5 மில்லிக்கு 120 இல்ல 125, இன்னொரு வகைல 250. எட்டு கிலோ பாப்பாவுக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம்னா 80 டு 120தான் வருது, சிரப்னு நெனச்சு டிராப்ஸை 5 மில்லி ஊத்துனா 500 மில்லிகிராம் உள்ள போயிரும். அதனால டாக்டர் எழுதுனது எதுன்னு பாட்டில் லேபிளோட ஒத்துப் பாத்துட்டு, மூடில அளக்காம ஊசியில்லா சிரிஞ்சுல எடுங்க. குடுத்த நேரத்தை காலண்டர் தாள்லயே எழுதுங்க, இல்லன்னா நீங்க ஒரு தடவை, அப்பத்தா ஒரு தடவைன்னு ரெட்டிப்பாயிரும்.

ஸ்டெப் 3: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

சாணி அள்ளுறது, மாடு குளிப்பாட்டுறது எல்லாம் சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்தப்புறம் பாத்துக்கலாம். கோழியை நெழல்ல பஞ்சாரத்துல கவுத்து தண்ணியும் தீனியும் உள்ள வச்சிருங்க. ஆட்டை மேய்ச்சலுக்கு விடாம அகத்தியோ வேலிமசாலோ கட்டித் தொங்கவிட்டா அது பாட்டுக்கு நிக்கும். மாட்டுக்கு வைக்கோலை தாராளமா போடுங்க, ஆனா வேலை அவசரத்துல மீந்த சோத்தையெல்லாம் தொட்டில கொட்டாதீங்க, வயித்துல புளிச்சு மாடு படுத்துரும். தண்ணியும் கறவையும் மட்டும் காத்திருக்காது.

ஸ்டெப் 4: கறவைக்கு இன்னொரு கை (இதைத்தான் யாரும் சொல்றதில்ல)

பாப்பா தோள விட்டு இறங்காத அன்னைக்கு பக்கத்து வீட்டு மதனியைக் கூப்பிட்டு கறக்கச் சொல்லலாம்னு நெனப்போம், மாடு அசையாம நிக்கும், ஆனா காம்புல பால் வராது. புது ஆளைப் பாத்து மெரண்டுச்சுன்னா பால் இறங்க வைக்கிற சுரப்பு தடைபட்டு மடிக்குள்ளயே நிக்கும், அப்படியே விட்டா மடிநோய்க்கு வழி. ஒரு மணி ரெண்டு மணி நேரம் தள்ளிப்போனா ஒன்னுமில்ல, ஒரு வேளையே விட்டுப்போகக் கூடாது.

அதனால எல்லாரும் நல்லா இருக்கிற நாள்லயே பழக்கணும். மொதல்ல அவங்க வந்து புண்ணாக்கு மட்டும் வைக்கட்டும், நீங்க கறங்க. அப்புறம் கடைசி கொஞ்சம் பாலை அவங்க கறக்கட்டும், நீங்க தலைமாட்டுல நின்னு பேசிக்கிட்டே இருங்க. அப்புறம் பாதி, அப்புறம் முழுசா, நீங்க தொழுவுக்குள்ளயே வராம. அதே எடம், அதே வாளி, அதே "ம்மா ம்மா" சத்தம், எதையும் மாத்தாதீங்க. அடம்புடிக்கிற மாடுன்னா மொதல்ல கன்னை ஊட்டவிட்டு அப்புறம் கறக்கச் சொல்லுங்க. கறந்து முடிச்சதும் தீவனம் வச்சிருங்க, காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரைக்கும் மாடு சாணில படுக்காம நிக்கணும். கறவை மெஷின் வாங்கலாமேன்னு கேப்பீங்க, ரெண்டு மாட்டுக்கு அது தண்டச் செலவு, அதுலயும் கரண்டு போனா திரும்ப கைதான்.

பால் ஊத்துற சொசைட்டி நேரம் தவறிருச்சுன்னா டென்ஷன் ஆகாதீங்க, டீக்கடைக்கு ஊத்துங்க, இல்ல உறை ஊத்தி தயிராக்கிருங்க.

ஸ்டெப் 5: ஆபீஸ்

காலைலயே மேனேஜர்ட்ட ஒளிவு மறைவில்லாம சொல்லிருங்க. பாப்பா தூங்குற நேரத்துல மூளை வேணுங்கிற வேலை, முழிச்சிருக்கிறப்ப காதுல கேட்டா போதும்ங்கிற மீட்டிங். ஹெட்செட் ஒரு காதுக்கு மட்டும், இன்னொரு காது பாப்பாவுக்கு. ரௌட்டருக்கு மினி யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்க, இந்த வீட்ல நான் வாங்குனதுலயே உருப்படியான பொருள் அதுதான். மியூட் எடுத்த நேரம் பாத்து சேவல் கூவும், அதுக்கு மருந்து கெடையாது.

ஸ்டெப் 6: தொழுவுல இருந்து தொட்டிலுக்கு

தொழுவுக்குன்னு தனி கைலி, தனி செருப்பு. உள்ள வந்ததும் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க, சாணி பட்ட கைக்கு சானிடைசர் வேலை செய்யாது. மாட்டு மருந்தையும் பாப்பா மருந்தையும் ஒரே ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, தூக்கக் கலக்கத்துல எந்த பாட்டிலும் ஒன்னு போலத்தான் தெரியும்.

அப்டேட்: காய்ச்சல் இல்ல, வயித்தால போகுதுன்னா என்ன பண்றதுன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்னா முழுசையும் ஒரு லிட்டர் ஆற வச்ச தண்ணில மொத்தமா கலக்கணும், பாதியை டம்ளர்ல போட்டு ஆட்டக் கூடாது, 24 மணி நேரம் தாண்டுனா கொட்டிருங்க. சின்ன பாக்கெட்டும் இருக்கு, அது 200 மில்லிக்கு, கவர்ல படிச்சுப் பாருங்க. கடைல டெட்ரா பேக்ல விக்கிற இனிப்புத் தண்ணி ஓஆர்எஸ் கெடையாது. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.

இன்னொன்னு, அதே நாள்ல மாட்டுக்கும் முடியாம போனா 1962க்கு போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஊசி போட்டாங்கன்னா எத்தனை நாளைக்கு அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊத்தக் கூடாதுன்னு டாக்டர் கெளம்புறதுக்குள்ள கேட்டு வச்சுக்கங்க, வீட்லயும் அதை யாருக்கும் குடுக்காதீங்க.