ஓட்டமா, மாடலா? செகண்ட் ஹேண்ட் சொகுசு காருக்குக் கணக்குப் போடும் முறை

இரண்டு பி.எம்.டபிள்யூ 320டி டீசல் கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 2014 மாடல், 41,000 கிலோமீட்டர் ஓடியது, 13 லட்சம் கேட்கிறார்கள். மற்றது 2018 மாடல், 95,000 ஓடியது, 18 லட்சம். முதன்முறை வாங்குகிறவர் பெரும்பாலும் முதல் வண்டியின் பக்கம்தான் சாய்வார். "ஓட்டமே இல்லை சார், வீட்டு வண்டி" என்று புரோக்கரும் சொல்லிவிட்டால் முடிவே எடுத்துவிடுவார். மீட்டரை மட்டும் பார்த்து எடுக்கும் இந்த முடிவுதான் சொகுசு காரில் பலரைக் கடனாளியாக்குகிறது.

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று பொருள். குழப்பம் வேண்டாம் என்பதால், வண்டி இதுவரை ஓடிய தூரத்தை இங்கே ஓட்டம் என்றே எழுதுகிறோம். மேலே சொன்ன விலைகளும், பின்னால் வரும் செலவுத் தொகைகளும் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: மாடல் வருடத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் ஒரு இடத்தில் இருக்கும், பதிவு செய்த தேதி வேறு இடத்தில் இருக்கும். 2017 டிசம்பரில் தயாராகி, ஷோரூமில் நின்று, 2018 மார்ச்சில் பதிவான வண்டியைச் சந்தையில் 2018 மாடல் என்றே சொல்வார்கள். விலை பேசும்போது நீங்கள் தயாரித்த தேதியைப் பிடித்துப் பேசுங்கள்.

வயதைவிட முக்கியம், அந்த வருடத்தில் எந்த எஞ்சின் வந்தது என்பது. 2014 320டியில் இருப்பது என்47 டீசல் எஞ்சின். எஞ்சினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் சுழல வைக்கும் அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. ஆரம்பத்தில் வந்த என்47களில் இந்தச் செயின் தேய்ந்து அறுந்த புகார்கள் உலகம் முழுக்க உண்டு. மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும், அதனால் சாமானைவிடக் கூலி பெரிதாக வரும். 2018 வண்டியில் இருப்பது அடுத்த தலைமுறையான பி47. இதிலும் செயின் பின்பக்கம்தான், ஆனால் என்47 அளவுக்குக் கெட்ட பெயர் இல்லை. நான்கு வருட வித்தியாசம் என்று நாம் எண்ணுவது இங்கே ஒரு எஞ்சின் வித்தியாசம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புது வண்டிகள் பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்தவை. அவற்றில் டீசல் என்றால் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும். டெல்லிப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு, அந்த வயதை நெருங்கிய சொகுசு டீசல்கள் தெற்கே வரத் தொடங்கின. விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 2: வருடத்துக்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு

2026 கணக்கில் முதல் வண்டிக்கு வயது 12. 41,000ஐ 12ஆல் வகுத்தால் வருடத்துக்கு சுமார் 3,400 கிலோமீட்டர். இரண்டாவது வண்டி வருடத்துக்கு சுமார் 11,900. சொந்த உபயோக வண்டிக்கு 10,000 முதல் 12,000 வரை இயல்பான ஓட்டம். ஆக, குறைவாக ஓடிய வண்டியைப் பற்றித்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். மாதக்கணக்கில் நின்றதா? அல்லது தினமும் 5 கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்து, எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்டதா?

பல கார்களில் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை, மெக்கானிக் வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் ஸ்கேனர் காட்டும். 41,000 ஓடிய வண்டி 2,050 மணி காட்டினால் சராசரி வேகம் 20. 95,000 ஓடிய வண்டி 2,100 மணி காட்டினால் 45. இரண்டு எஞ்சினும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஓடியிருக்கின்றன. ஆனால் ஒன்று நகரத்துக்குள் வெந்து ஓடியது, மற்றது நெடுஞ்சாலையில் சீராக ஓடியது. டி.பி.எஃப். உள்ள டீசலுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. படிந்த கரி எரிய வேண்டுமென்றால் வண்டி சூடாகி, நிறுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். தெருமுனைக் கடை வரை மட்டும் போய்வரும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

படி 3: மீட்டர் உண்மைதானா?

மீட்டரைத் திருப்புவது பெரிய வித்தையில்லை. ஆனால் எல்லா இடத்திலும் திருப்புவது கடினம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸின் தேதியையும் கிலோமீட்டரையும் எடுத்துத் தரும்படி உரிமையாளர் மூலமாகக் கேளுங்கள். பி.எம்.டபிள்யூவின் பல மாடல்களில் சாவிக்குள்ளேயே ஓட்டம் பதிவாகியிருக்கும். கியர்பாக்ஸ், பிரேக், எஞ்சின் கம்ப்யூட்டர்களில் பதிவான பிழைகளுடன் அப்போதைய கிலோமீட்டரும் சேர்ந்திருப்பதுண்டு. மீட்டர் 41,000 காட்டும்போது பழைய பிழை ஒன்று 78,000இல் பதிவாகியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கண்ணாலும் பாருங்கள். டிரைவர் சீட்டின் வெளி ஓரம், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல் தோல் ஆகியவை ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கம் தேதி: 2319 என்றால் 2019இன் 23வது வாரம். தேய்மானம் இல்லாவிட்டாலும் 6 வருடம் தாண்டிய டயரை மாற்றிவிடுவது நல்லது, அதை உங்கள் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: வயது கெடுப்பவை

சொகுசு காரில் பணம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் வெடிக்கும், பிளாஸ்டிக் உதிரும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். லிஃப்டில் ஏற்றி, கையில் டார்ச்சோடு இந்த வரிசையில் பாருங்கள்.

சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்களில் வெடிப்பு, எஞ்சின் மவுன்ட் தொய்வு, கூலன்ட் டேங்கின் தையல் ஓரத்தில் வெள்ளைப் படிவு, ஹோஸ் முனைகளில் கசிவு. பிறகு வால்வ் கவர், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் ஆகியவற்றின் கேஸ்கெட்டுகள் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்கள்). பி.எம்.டபிள்யூ பெட்ரோல் எஞ்சின்கள் சிலவற்றில் இந்த ஹவுசிங் கசிவு பெல்ட் மேல் சொட்டும். ஊறிய பெல்ட் பிய்ந்து எஞ்சினின் முன்பக்க கிராங்க் சீலுக்குள் இழுபட்டால், சின்ன கேஸ்கெட்டில் தொடங்கியது எஞ்சினைத் திறப்பதில் முடியும். அதனால் "லேசான கசிவுதான்" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை இரவு நிறுத்திக் காலையில் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்றுப் பை கசிகிறது. சன்ரூஃபின் தண்ணீர்க் குழாய் இலைச் சருகால் அடைத்திருந்தால் மழைநீர் கார்பெட்டுக்குள் இறங்கி, தாழ்வான இடங்களில் உள்ள மின்னணுப் பெட்டிகளை அரிக்கும். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பதும், ஸ்டெப்னி குழியைத் தடவிப் பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை.

பிரேக் ஆயில் 2 வருடத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆயில் ஓட்டம் குறைவானாலும் வருடத்துக்கு ஒருமுறை மாறியிருக்க வேண்டும். 12 வருடத்தில் நான்கே ஆயில் சர்வீஸ் கண்ட 41,000 வண்டியை வாங்க வேண்டாம்.

படி 5: ஓட்டம் கெடுப்பவை

வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், டிஸ்க், டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ். பி.எம்.டபிள்யூவில் வரும் இசட்.எஃப். 8 வேக கியர்பாக்ஸ் ஆயிலை "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்பார்கள். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப்.போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நம் இரண்டு வண்டிக்கும் இது இப்போதே தேவை.

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் காலையில், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். செயின் சத்தம், நீலப் புகை, கியர் விழும் இடி எல்லாம் பெரும்பாலும் ஆறிய வண்டியில்தான் வெளிப்படும்.

படி 6: இரண்டையும் ரூபாயாக்குங்கள்

படி 4, 5இல் கண்டதற்கெல்லாம் அந்த பிராண்டைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் எஸ்டிமேட் வாங்கி, அடுத்த 2 வருடச் செலவைக் கூட்டுங்கள். 2014 வண்டிக்கு மூன்றரை லட்சம் என்றால் மொத்தம் பதினாறரை. 2018க்கு 2 லட்சம் என்றால் மொத்தம் 20. நான்கு வருடம் கழித்து விற்றால் முதலாவது 4 லட்சத்துக்கும் இரண்டாவது 9 லட்சத்துக்கும் போகும் என்று வையுங்கள். முதல் வண்டி உங்களுக்குப் பன்னிரண்டரை லட்சம் செலவு வைத்தது, இரண்டாவது 11 லட்சம். இதில் டைமிங் செயினைச் சேர்க்கவே இல்லை. தவிர, தனிநபர் காரின் பதிவு 15 வருடம் என்பதால் 2014 வண்டிக்கு 2029இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிவரும். மறுவிற்பனை விலையை அது மேலும் இறக்கும்.

இன்சூரன்ஸும் பெரும்பாலும் ஓட்டத்தைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது. 5 வருடம் தாண்டினால் ஐ.டி.வி. (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை) நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. சாதாரண பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதித் தொகை கழியும், அப்படிக் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி வயதான வண்டிக்குக் கிடைப்பதும் அரிது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கொட்டேஷன் வாங்குங்கள்.

எங்கள் அளவுகோல்: 5 வயதுக்குள் என்றால் ஓட்டம் குறைந்ததை எடுங்கள். 5 முதல் 8 வரை என்றால் சர்வீஸ் பதிவு முழுதாக உள்ளது எதுவோ அது, ஒரு லட்சம் ஓடியிருந்தாலும் சரி. 8க்கு மேல் என்றால் ரப்பர் சாமான்களை ஏற்கெனவே மாற்றி பில் வைத்திருக்கும் வண்டி மட்டும்.

படி 7: தாள்கள்

அரசின் பரிவாகன் இணையதளத்தில் எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை, இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) படிவம் 35ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30ம் கையெழுத்தாகி வர வேண்டும். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28 என்.ஓ.சி. தேவை. தமிழ்நாட்டு ஆயுள் வரி எவ்வளவு வரும் என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தொகையைக் கழித்தே விலை பேசுங்கள்.