ஜப்பானில் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கல்லூரிக் கட்டணச் சலுகை: விண்ணப்பிக்கும் முறை

2024-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 6.86 லட்சம்தான். படிக்கவைக்கும் செலவுக்குப் பயந்தே பலர் ஒன்றிரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் 2025 ஏப்ரல் முதல், மூன்று பிள்ளைகளுக்குக் குறையாத வீடுகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. வருமான வரம்பு இல்லை. சேமிப்பு, பங்கு முதலியவை 30 கோடி யென்னுக்குள் இருக்க வேண்டும்.

ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் என்றால், முதலில் விசாவைப் பாருங்கள். நிரந்தர வசிப்புரிமை விசா இருந்தால் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவுக்குக் கிடையாது. பெற்றோரைச் சார்ந்த 'கசோகு தைஸாய்' விசா என்றால், தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலை வரை ஜப்பானிலேயே முடித்து, இங்கேயே வேலை பார்த்துத் தங்கும் எண்ணமும் இருக்க வேண்டும்.

'இலவசம்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். தேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென் வரை கிடைக்கும். தனியாருக்கு உச்சவரம்பு 7 லட்சமும் 2.6 லட்சமும். தனியாரில் சராசரி ஆண்டுக் கட்டணமே 9.6 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. மிச்சம் உங்கள் கைக்காசு. சேர நினைக்கும் கல்லூரி அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் குறைந்து இடங்கள் காலியாகக் கிடக்கும் கல்லூரிகள் அதிலிருந்து நீக்கப்படலாம்.

பலர் சறுக்குவது தலை எண்ணுவதில். பெற்றது எத்தனை என்பது கணக்கில்லை. டிசம்பர் 31 அன்று வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவர்களாக, அதாவது 'ஃபுயோ'வில், எத்தனை பிள்ளைகள் என்பதே கணக்கு. ஒவ்வொரு அக்டோபரிலும் முந்தைய டிசம்பர் 31 நிலவரத்தைப் பார்ப்பார்கள். மூத்தவன் 2026 மார்ச்சில் படிப்பை முடித்து ஏப்ரலில் வேலைக்குப் போகிறான் என்று வையுங்கள். 2025 டிசம்பரில் அவன் உங்கள் கணக்கில்தான் இருந்தான். 2026 அக்டோபரில் பார்ப்பது அந்த நிலவரத்தைத்தான், ஆகவே 2027 செப்டம்பர் வரை சலுகை ஓடும். அக்டோபரில் நின்றுவிடும். தம்பி தங்கைகளின் மீதி ஆண்டுகளுக்கு இப்போதே பணம் ஒதுக்கிவையுங்கள். பகுதிநேர வேலையும் ஆளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும்: 2025 சம்பளத்துக்கு வரம்பு 12.3 லட்சம் யென். இது மாறக்கூடியது, ஆண்டுதோறும் சரிபாருங்கள்.

மேல்நிலை மூன்றாம் ஆண்டில், பள்ளி வழியாக, மாணவர் உதவித்தொகையைக் கவனிக்கும் ஜாஸோ (JASSO) அமைப்பில் முன்பதிவு செய்யுங்கள். மாணவர், பெற்றோர் எல்லோரின் மை நம்பரும், அதாவது அரசு தரும் தனிநபர் அடையாள எண்ணும், தேவை. ஜாஸோவின் கெடுவுக்கு முன்பே பள்ளியின் கெடு வந்துவிடும். கல்லூரியில் சேர்ந்ததும் 'ஷிங்காகு தொதோகே'யை, அதாவது சேர்ந்ததைத் தெரிவிக்கும் படிவத்தை, இணையத்தில் பதிவுசெய்யாவிட்டால் முன்பதிவு செல்லாது. அதோடு, கட்டணக் குறைப்பு விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். ஜாஸோவில் பதிந்தாயிற்று என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, இரண்டும் வெவ்வேறு. முன்பதிவைத் தவறவிட்டவர்கள் சேர்ந்த பிறகும் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம்.

சேரும்போது முதல் பருவப் பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, பிறகு திருப்பித்தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. தள்ளிக் கட்ட முடியுமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த பின் படிப்பையும் பார்ப்பார்கள். எடுக்க வேண்டிய பாட அலகுகளில் (கிரெடிட்) பத்தில் 6 பங்கோ அதற்குக் குறைவாகவோ தேறினால் சலுகை ரத்து. 7 பங்கு வரை என்றால் எச்சரிக்கை. மதிப்பெண்ணில் கடைசிக் கால் பகுதியில் இருந்தாலும் எச்சரிக்கைதான். அந்தக் கடிதம் வந்தால், அடுத்த பருவப் பாடங்களைத் தேர்வதற்கு முன் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.