கோடை இடிமழையை மேகம் பார்த்து அறிவது எப்படி?

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலம், தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் பெய்யும் கோடைமழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின்னரே வரும் என்பதால், முற்பகல் 11 மணி முதலே வானத்தைக் கவனிக்கத் தொடங்குங்கள்.

அடிப்பகுதி தட்டையாகவும் மேற்பகுதி பஞ்சுப்பொதி போலவும் தனித்தனியே மிதப்பவை திரள் மேகங்கள். அவை அகலத்தைவிட உயரம் குறைந்தவையாக இருக்கும்வரை மழை தராது. ஆனால் அவற்றுள் ஒன்று பூக்கோசுபோலக் குமிழ்விட்டு மேல்நோக்கி வளர்ந்தால், அதன் உச்சியை அருகிலுள்ள தென்னையின் நுனியோடு பொருத்தி, 10 நிமிடம் அதே இடத்தில் நின்று பாருங்கள்; நுனியைத் தாண்டி உச்சி எழுந்துகொண்டே போனால் மாலையில் துணி காயப்போட வேண்டாம்.

உச்சியின் கூரிய விளிம்பு மங்கி, நார்நாராகப் பிரிந்து, கொல்லனின் பட்டடைக்கல் போலப் பக்கவாட்டில் விரிந்துவிட்டால் அது கார்திரள் மேகம். நம் பகுதியில் அதன் உச்சி 15 கிலோமீட்டர் வரையிலும் எழக்கூடும். அங்குள்ள பனித்துகள்களே அந்த நார்த்தோற்றத்துக்குக் காரணம். உயரத்தில் மெல்லிய இறகுபோலத் தெரியும் கீற்று மேகங்களை இதனோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கீற்று மேகத்தின் கீழே கருத்த அடிப்பகுதி இராது.

வெப்பக்காற்று திடீரென நின்று, மண்வாசனையோடு குளிர்ந்த காற்று வீசினால், அது மேகத்திலிருந்து மழையோடு இறங்கிய காற்று. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடிக்குள் ஓசை கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.