பானையைப் பிரித்தால் காலம் போச்சு: பழங்காசு சேர்ப்போர் தவிர்க்க வேண்டியவை

பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் பழங்காசு சேர்க்கும் இளவட்டங்கள் கூடிவருகிறார்கள். நல்லதுதான். ஆனால் முன்னால் சேர்த்தவர்கள் செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

புதையலைப் பிரிப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. சேர நாட்டுக் கடல் துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போன பழைய வணிகப் பாதை இது. வெள்ளலூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. தென்னைக்குக் குழி எடுக்கையில் இன்றும் ஒரு சட்டி தட்டுப்படலாம். உடனே ஆளுக்கு நாலு என்று பங்கு நடக்கும். பளிச்சென்றிருப்பது முதலில் கைமாறும், தேய்ந்தது உருக்கப் போகும், சட்டி குப்பைக்கு.

சட்டி எப்போது புதைந்தது என்பதை அதிலுள்ள கடைசிக் காசுதான் சொல்லும். அந்தக் காசு அடிக்கப்படும் முன்பு அதைப் புதைத்திருக்க முடியாதல்லவா? ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் நூறு, பின்னால் வந்த நீரோவின் காசு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திபேரியஸ் இறந்தது கி.பி. 37, நீரோ பட்டத்துக்கு வந்தது 54. நீரோ காசு அதிகம் புழங்காததால் தேயாமல் இருக்கும், அதனாலேயே முதலில் விலைபோகும். மிச்சத்தைப் பார்ப்பவர் திபேரியஸ் காலத்துச் சட்டி என்று எழுதிவிடுவார். ஒரு காசு குறைந்ததில் ஒரு தலைமுறைக் கணக்கு தப்பிவிடும்.

திருச்சூர் மாவட்டத்து எய்யால் புதையலில் ரோமானியக் காசுகளோடு சின்னங்களைக் குத்தி அடித்த நம் நாட்டு வெள்ளி முத்திரைக் காசுகளும் இருந்தன. பல நூற்றாண்டுப் பழமையான முத்திரைக் காசு, ரோமானியக் காசு வந்த பிறகும் மதிப்போடு இருந்தது என்று அதனால்தான் சொல்ல முடிகிறது. தனித்தனியாக விற்றிருந்தால் இரண்டு தட்டில் இரண்டு வெள்ளித் துண்டு, அவ்வளவே.

சட்டி கிடைத்தால் கழுவாதீர்கள். மண்ணோடு அப்படியே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண், எத்தனை அடி ஆழம், மூடி இருந்ததா என்று அன்றே எழுதுங்கள். சட்டி உடைந்திருந்தால் அதன் துண்டுகளையும் எடுத்து வையுங்கள். பிறகு மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், கேரளப் பக்கம் 1968ஆம் ஆண்டுத் தனிச் சட்டம். மறைத்தால் பங்கும் போகும், வழக்கும் வரும்.

1116 கி.பி. அல்ல

திருவிதாங்கூர்க் காசில் இருப்பது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. கி.பி. தெரிய ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் 825 கூட்டுங்கள். 1116 என்றால் 1940–41. சோழர் காலம் என்று விலை சொல்பவரிடம் வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள். அங்கே நான்கு சக்கரம் ஒரு பணம், ஒரு சக்கரம் 16 காசு. பணம் வேறு, காசு வேறு என்று தெரியாமல் பட்டியல் போடுவதும் நடக்கிறது.

வெட்டுக் காசை ஒதுக்குவது

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. அது சேதமல்ல, இங்கே வந்தபின் வேண்டுமென்றே போட்டது. வெட்டைத் தட்டி நிரவ ஆசாரியிடம் கொடுப்பவர்களை என்ன சொல்ல!

எடை பார்க்காமல் வாங்குவது

0.01 கிராம் காட்டும் தராசு போதும். அகஸ்டஸ் கால வெள்ளிக் காசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். கி.பி. 64இல் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைத்ததால் அதன் பிறகு அடித்தது இன்னும் லேசு. லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்பில் எடுத்த போலியில் நீளக் கோடு ஓடும், எழுத்துகளுக்கிடையே குமிழிக் குழிகள் இருக்கும். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே.

1616 என்று போட்ட ராமர் காசு

கிழக்கிந்தியக் கம்பெனி அடித்ததல்ல. மோசடிக்காரர்கள் சொல்வதுபோல் அரிசியைக் காந்தம் மாதிரி இழுக்கவும் செய்யாது.

லட்ச ரூபாய் தரும் ஐந்து ரூபாய்

பழைய காசுக்குப் பெருந்தொகை தருவதாக வரும் மோசடி அழைப்புகள் பற்றி ரிசர்வ் வங்கி 2021இலேயே எச்சரித்தாயிற்று. முன்பணம் கேட்டால் போனை வையுங்கள்.

பிவிசி உறை

மழைக்காலத்தில் உறை கசிந்து காசில் பச்சைப் பிசுக்கு பிடிக்கும். அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். செப்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அன்றே தனியாக எடுத்துவிடுங்கள். ரப்பர் பேண்டும் ஆகாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.